பிலோமினா ஒஸ்லோ பார்த்த நாள்

தங்கையின் கப்பல் துறையில் வந்து நின்றபோது, தான் குடியிருக்கும் ஹவுகன்ஸ்டுவா மாடிக்கட்டடத்தையே யாரோ பெயர்த்துக்கொண்டு வந்து கடலில் விட்டதுபோல இருந்தது மரியரஞ்சனிக்கு. அத்தனை மாடி, அத்தனை ஜன்னல். எந்த ஜன்னலுக்குப் பின்னால் பிலோமினா நிற்கிறாள் என்று தெரியாததால், எல்லா ஜன்னலுக்கும் பொதுவாக ஒருமுறை கையை ஆட்டினாள். பக்கத்தில் நின்ற சுங்க அதிகாரி திரும்பிப் பார்க்கவும் வெட்கப்பட்டுக் கையை இறக்கிக்கொண்டாள்.

அது 2008ஆம் ஆண்டு ஆடி மாதம். கப்பல் காலையில் வந்து பின்னேரம் புறப்பட்டுவிடும். இடையில் உள்ள நேரம்தான் தங்கைக்கும் அவளுக்கும்.

மரியரஞ்சனி, பாசையூர் என்ற மீனவர் கிராமத்துக்காரி. எண்பத்தாறில் லூர்துவைக் கலியாணம் செய்து நோர்வேக்கு வந்தவள். முதலில் வடக்கே, மீன் தொழிற்சாலை இருந்த ஒரு சின்ன ஊரில் குளிரோடு மல்லுக்கட்டிவிட்டு, மகள் ஆரபி பிறந்த பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி வந்தார்கள். லூர்துவுக்குப் பேக்கரியில் இரவு வேலை. அவளுக்கு வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ச் சமைத்து, தூசு துடைத்து, குளிசை எடுத்துக் கொடுக்கும் வேலை. நகரத்தின் கிழக்குப் பக்கத்து மாடிக்கட்டடங்களில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் சிக்கிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். உலகமெல்லாம் இருந்து சனம் வந்து பார்க்கிற இடங்கள்தான் தெரியாது. இருக்கிற ஊரைச் சுற்றிப் பார்க்க யாருக்கு நேரம்? தங்கை வருகிறாள் என்றதும், போன ஞாயிறு பூசை முடிந்து ஆரபியைக் கூட்டிக்கொண்டு எந்த ட்ராம் எங்கே போகும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

பிலோமினா இருக்கிற லண்டனுக்கும் ஒஸ்லோவுக்கும் விமானத்தில் இரண்டு மணித்தியாலம்தான். ஆனாலும் அக்காவும் தங்கையும் இத்தனை வருடத்தில் ஒரேயொரு தடவைதான் சந்தித்திருந்தார்கள், அதுவும் பாரிசில் மாமாவின் செத்தவீட்டில். ஒவ்வொரு வருடமும் வருவதாகச் சொல்லுவார்கள். பிறகு அல்பிரட்டுக்கு லீவு கிடைக்கவில்லை, கூரை திருத்த வேண்டும், மகன் நிதுசனுக்குச் சோதனை என்று ஏதாவது ஒன்று வரும். அல்பிரட் பிலோமினாவின் கணவன், பெற்றோல் நிலையம் ஒன்றின் மனேஜர். தொலைபேசி எடுத்தாலும் அவர்தான் முதலில் கதைப்பார். பிறகு பிலோமினாவின் குரல் கேட்கும்போது பின்னால் அறை முழுவதும் எதிரொலிக்கும். அவர்கள் வீட்டில் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார்கள். "உனக்கு வாய்ச்ச மனுசன்போல ஒருத்தருக்கும் வாய்க்காது" என்று மரியரஞ்சனியே எத்தனையோ தரம் அந்த ஸ்பீக்கருக்குச் சொல்லியிருக்கிறாள். இந்தக் கப்பல் பயணமும் அல்பிரட்டின் ஏற்பாடு. கலியாண நாளுக்கு அவர் கொடுத்த பரிசு.

அல்பிரட்தான் முதலில் இறங்கி வந்தார். கழுத்தில் கமரா, கையில் வட்டம் வட்டமாகக் கோடு போட்ட வரைபடம். அவருக்குப் பின்னால் வந்த மெலிந்த பெண்ணை மரியரஞ்சனி ஒரு கணம் வேறு யாரோ என்று நினைத்தாள்.

"அக்கா."

கட்டிப்பிடித்தார்கள். பிலோமினாவின் தோள் எலும்பு மரியரஞ்சனியின் கன்னத்தில் இடித்தது.

"பொறுங்கோ, பொறுங்கோ" என்றார் அல்பிரட். "கமரா ஓன் பண்ண முந்திக் கட்டிப்பிடிச்சிட்டீங்கள். இன்னொருக்காப் பிடியுங்கோ."

இன்னொருதரம் பிடித்தார்கள். இரண்டாவது தரம் தங்கையின் உடம்பு விறைப்பாக இருந்தது.

"என்னடி இப்பிடி மெலிஞ்சு போனாய்?"

"கப்பல் சாப்பாடு அவவுக்குப் பிடிக்கேல்லை அக்கா" என்றார் அல்பிரட். "காத்தும் ஒத்துக்கொள்ளேல்லை."

முதலில் வீட்டுக்குப் போவோம் என்றாள் மரியரஞ்சனி. ரெயிலில் ஏறினால் ஹவுகன்ஸ்டுவா கிட்டத்தான். லூர்து வேலையால் வந்து படுக்காமல் காத்துக்கொண்டிருப்பார். விடியவே எழும்பி நண்டுக் குழம்பு வைத்திருந்தாள்.

அல்பிரட் சிரித்தார். சிரிக்கும்போது நல்ல முகம். "வீடு எல்லா இடத்திலையும் வீடுதானே அக்கா. ஒஸ்லோவை எப்ப பாக்கிறது? இவ கன காலமா ஆசைப்பட்டவ. என்ன?"

பிலோமினா தலையை ஆட்டினாள். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

அல்பிரட் இப்படித்தான் சொல்லுவார் என்று நினைத்து, மரியரஞ்சனி குழம்பையும் பிட்டையும் போத்தலோடு தண்ணீரையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுதான் வந்திருந்தாள். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

நகரசபைக் கட்டடத்தின் பெரிய மண்டபத்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தார்கள். வெளியே வந்தார்கள். அல்பிரட் வரைபடத்தில் ஒரு வட்டத்தைப் பேனையால் வெட்டினார். நகரசபைக்கு முன்னால் உள்ள துறையில் படகேறி, கப்பல் அருங்காட்சியகங்கள் இருக்கும் பிக்டோய் பக்கம் போனார்கள். படகில் தங்கைக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று மரியரஞ்சனி நினைத்தாள். அல்பிரட் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து அமர்ந்து, கையை நீட்டிக் கமராவைத் திருப்பிப் பிடித்து மூன்று பேரையும் எடுத்தார். பிறகு எழும்பவில்லை.

பிலோமினா ஓரிடத்தில் இருக்கவில்லை. எழும்பிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து இருந்தாள். மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். மறுபடி எழும்பினாள். வேலைக்குப் போகிற வீடுகளில் மரியரஞ்சனி இப்படியான ஆட்களைக் கண்டிருக்கிறாள். எங்கேயோ போக வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்திருக்கும். எங்கே என்றுதான் தெரியாது.

"அக்கா, உங்கடை வீட்டிலை எத்தினை அறை?" என்றாள் பிலோமினா.

"மூண்டு. ஏன்?"

"சும்மா."

கொஞ்ச நேரம் கழித்து, "இஞ்சத்தை பாஷை பிடிபட உங்களுக்கு எவ்வளவு காலம் எடுத்தது?"

"உமக்கேன் இப்ப நோர்வே பாஷை?" என்று அல்பிரட் சிரித்தார். "இங்கிலிசே இன்னும் ஒழுங்கா வரேல்லை. இவ கடையிலை நிண்டு கதைக்கிறதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும் அக்கா."

மரியரஞ்சனி சிரித்தாள். சிரித்த பிறகுதான் தங்கை சிரிக்கவில்லை என்பதைக் கண்டாள்.

வைக்கிங் கப்பல்கள் இருந்த மண்டபம் வெள்ளையாக, கோவில்போல இருந்தது. கறுத்த மரக்கப்பல் ஒன்று நடுவில் கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றது. சுற்றுலாக்காரர் கூட்டம் கூட்டமாக அதைச் சுற்றினார்கள். அல்பிரட் துண்டுப்பிரசுரத்தை வாசித்துத் தமிழில் சொன்னார்.

"இதுக்குள்ளை ரெண்டு பொம்பிளையளைப் புதைச்சிருந்தவையாம். கப்பலோடை சேர்த்து மண்ணுக்குள்ளை. ஆர் எண்டு இன்னும் சரியாத் தெரியாதாம்."

"நான் பாத்ரூமுக்குப் போட்டு வாறன்" என்றாள் பிலோமினா.

"கொஞ்சம் பொறும், மற்றக் கப்பலையும் பாத்திட்டு நானும்..."

"அக்காவோடை போறன்."

அன்று காலையில் இருந்து அல்பிரட்டின் பேச்சை மறித்து அவள் சொன்ன முதல் வசனம் அதுதான். அல்பிரட் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரியென்றார்.

உள்ளே யாரும் இல்லை. பிலோமினா அக்காவை அந்தலையில், கடைசியாக இருந்த பெரிய கழிப்பறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைப் பூட்டினாள். சக்கர நாற்காலிக்காரருக்கான அறை அது. இரண்டு பேரும் நிற்க இடமிருந்தது.

"அக்கா, நான் பின்னேரம் கப்பலுக்குப் போகேல்லை."

"என்னடி விசர்க்கதை கதைக்கிறாய்?"

"விசரில்லை. யோசிச்சுத்தான் சொல்லுறன். பாஸ்போட் கைப்பைக்குள்ளை கிடக்கு. உங்களோடை நிக்கப்போறன்."

மரியரஞ்சனி கைப்பையைப் பார்த்தாள். "அடிக்கிறவரோ?"

"இல்லை."

"குடியோ? வேறை ஆரும் பொம்பிளை..."

"ஒண்டும் இல்லை. அதுதான் அக்கா, ஒருத்தருக்கும் என்னாலை சொல்ல முடியேல்லை. அடிச்சால் காட்டலாம்." பிலோமினா சுவரில் சாய்ந்தாள். "எங்கடை கபினுக்கு ஜன்னல் இல்லை. லைட்டை நூத்தால் பகலோ இரவோ எண்டு தெரியாது. முந்தாநாள் தண்ணி குடிக்க எழும்பினன். 'உமக்குத் தாகமில்லை, படும்' எண்டார். நான் படுத்திட்டன். படுத்த பிறகு யோசிச்சுப் பாக்கிறன், எனக்குத் தாகமோ இல்லையோ எண்டு எனக்கே தெரியேல்லை. இவ்வளவு வருசத்திலை அதுகூடத் தெரியாமல் போச்சு."

"இதுக்குப் போய் ஆரும் குடும்பத்தை விடுவினமோ?"

"எனக்கு மூச்சு வருகுதில்லை அக்கா."

"நிதுசன்?"

"அவன் போன வருசம் கம்பசுக்குப் போகேக்கையே கேட்டவன், நீங்கள் எப்ப வெளிக்கிடப் போறீங்கள் எண்டு."

"அம்மாவுக்கு நான் என்ன சொல்லுறது? சேர்ச்சிலை கேட்டால் என்ன சொல்லுறது?"

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். மரியரஞ்சனி தண்ணீரைத் திறந்து முகத்தைக் கழுவினாள். தங்கையையும் கழுவச் சொன்னாள். "பின்னேரம் வரைக்கும் நல்லா யோசி. ஆத்திரத்திலை செய்யிற அலுவலில்லை இது" என்று மட்டும் சொன்னாள். ஆத்திரம் எதுவும் தங்கையின் முகத்தில் இல்லை என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

வெளியில் அல்பிரட் மூன்று ஐஸ்கிறீமோடு நின்றார். வெயிலுக்கு அவை உருகிக் கை வழியே வழிந்தன. "என்ன இவ்வளவு நேரம்? வயித்துக்கு ஒத்துக்கொள்ளேல்லையோ?" உண்மையான கவலையோடுதான் கேட்டார். கைக்குட்டையை எடுத்துப் பிலோமினாவின் நெற்றியில் இருந்த தண்ணீரை ஒற்றிவிட்டார். மரியரஞ்சனிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அதன் பிறகு அவள் ஒஸ்லோவைப் பார்க்கவில்லை. படகு, ட்ராம், சனம் எல்லாம் கண் முன்னால் ஓடின. மனதுக்குள் வேறொரு ஓட்டம். இருபது வருடக் குடும்பம். ஊரில் அம்மா, கடைசி மருமகனைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிற அம்மா. பூசைக்குப் பிறகு கோப்பிக் கோப்பையோடு கிட்ட வந்து, "தங்கச்சி வந்து நிக்கிறாவாம், அவர் வரேல்லையோ?" என்று கேட்கப் போகிற முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நான் உதவி செய்தால் குடும்பத்தைப் பிரித்தவள் நான்தான் என்பார்கள். செய்யாவிட்டால்? கப்பலின் ஜன்னலில்லாத அறைக்குள் இவள் திரும்பிப் போவாள். அடுத்த கிழமை ஸ்பீக்கரில் எதிரொலிக்கிற குரலோடு நான் கதைப்பேன். ட்ராமில் இறங்கவேண்டிய இடத்தைக்கூடத் தவறவிட்டாள். அல்பிரட்தான் வரைபடத்தைப் பார்த்துச் சரியாக இறக்கினார்.

சிலைகள் நிறைந்த அந்தப் பெரிய பூங்காவில் பாலத்தின் கைப்பிடியோரம் எல்லோரும் ஒரு சின்னச் சிலையைச் சுற்றி நின்றார்கள். கோபத்தில் கை விரல்களை மடக்கி, ஒரு காலைத் தூக்கி நிலத்தில் உதைக்கிற குழந்தை. சனம் தொட்டுத் தொட்டு அதன் கை மட்டும் பொன்போல மினுங்கியது.

"பிலோ, நீரும் அதைப்போலச் செய்யும், படம் எடுக்கிறன்" என்றார் அல்பிரட்.

"வேண்டாமப்பா."

"செய்யுமன். நிதுசனுக்கு அனுப்பலாம்."

பிலோமினா கைப்பையை அக்காவிடம் கொடுத்தாள். விரல்களை மடக்கினாள். முகத்தைச் சுளித்துக் காலைத் தூக்கி உதைத்தாள். சுற்றி நின்ற யப்பானியச் சுற்றுலாக்காரர் சிரித்துக் கைதட்டினார்கள். அல்பிரட் படம் எடுத்துவிட்டு, "காணும், போதும்" என்றார். பிலோமினா மறுபடி உதைத்தாள். இன்னொருதரம் உதைத்தாள். கருங்கல்லில் சப்பாத்துச் சத்தம் விழுந்தது. கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. "காணும் பிலோ, சனம் பாக்குது." அவள் நிறுத்திவிட்டு மூச்சு வாங்க நின்றாள். கன்னம் சிவந்திருந்தது. அன்று முதல் தடவையாக மரியரஞ்சனிக்குத் தன் தங்கையை அடையாளம் தெரிந்தது. சின்ன வயதில் பாசையூரில், படகில் தன்னையும் ஏற்றவில்லை என்று ஐயாவோடு மல்லுக்கு நின்ற அதே முகம்.

புல்லில் துணியை விரித்துச் சாப்பிட்டார்கள். பிலோமினா நண்டை உடைத்து உடைத்து, விரலை நக்கி நக்கித் தின்றாள். கப்பலில் பட்டினி கிடந்தவள் என்று யாரும் சொல்ல முடியாது. பிறகு கை கழுவ எழும்பிப் போனாள். அல்பிரட் போகிறவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியை விட்டுவிடுவாளோ என்று பார்க்கிற பார்வை.

"இவ இல்லாட்டி எனக்கு ஒண்டும் ஓடாது அக்கா" என்றார். "ஆனால் பயம். எப்பவும் பயம். தொண்ணூத்தேழிலை நான் கடையிலை நிக்கேக்கை ரெண்டு பேர் கத்தியோடை வந்தவங்கள். இஞ்சை, காதுக்குக் கீழை வெட்டினவங்கள்." தலைமயிரை விலக்கிக் காட்டினார். வெள்ளையாக ஒரு கோடு. "அதுக்குப் பிறகு இவவைத் தனிய ஒரு இடமும் விடுறதில்லை. எல்லாத்தையும் நானே பாத்துப் பாத்துச் செய்தால் பிழை வராதுதானே."

மரியரஞ்சனிக்கு இரக்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. "அவவையும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்" என்றாள்.

"எதை?"

"ஏதாவது. என்ன விருப்பம் எண்டு."

"கேட்டால் 'உங்கடை விருப்பம்' எண்டுதான் எப்பவும் சொல்லுவா." அதையும் அவர் பொய்யாகச் சொல்லவில்லை.

வரைபடத்தில் கடைசி வட்டம் ஒபேரா மண்டபம். அந்த வருடம்தான் திறந்திருந்தார்கள். வெள்ளைக் கல்லால் ஆன கூரை கடலுக்குள் இருந்து சரிவாக மேலே ஏறிப் போகும், யாரும் நடந்து ஏறலாம். வெயில் கல்லில் பட்டுக் கண் கூசியது. அப்பால் கோட்டைப் பக்கம் அவர்களுடைய கப்பலின் புகைபோக்கி தெரிந்தது. நாலரைக்குள் ஏறிவிட வேண்டும் என்று அல்பிரட் காலையில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"உச்சிக்கு ஏறி ஒரு படம் எடுத்திட்டு நேரை கப்பலுக்குப் போவம்" என்று சொல்லி அவர் ஏறத் தொடங்கினார். பாதி ஏறித் திரும்பிப் பார்த்தபோது பிலோமினா கீழேயே, தண்ணீர் கல்லில் வந்து மோதுகிற விளிம்பில் நின்றாள். இறங்கி வந்தார்.

"என்ன, களைச்சுப்போனீரோ? சரி, வாரும், போவம்."

"நான் வரேல்லை."

"மேலை ஏற வேண்டாம். கப்பலுக்குப் போவம் எண்டுதான் சொல்லுறன்."

"கப்பலுக்குத்தான் வரேல்லை. அக்கா வீட்டை நிக்கப்போறன்."

அவர் சிரித்தார். பிறகு மரியரஞ்சனியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எப்படி இறங்குவதென்று தெரியாமல் நின்றது.

"எத்தினை நாளைக்கு?"

"தெரியாது. இனி லண்டனுக்கு உங்களோடை இருக்க வரமாட்டன் எண்டு நினைக்கிறன்."

"நான் என்ன செய்தனான்?"

பிலோமினா தண்ணீரின் பக்கம் திரும்பினாள். அல்பிரட் அவளை விட்டுவிட்டு மரியரஞ்சனியின் பக்கம் திரும்பினார். "இவவுக்கு உடம்பு சரியில்லை. கப்பலிலை ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை, அதுதான். அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் கேப்பா."

பின்னேரம் வரைக்கும் மரியரஞ்சனி மனதுக்குள் தயார்செய்து வைத்திருந்தது அதைத்தான். இந்த முறை போய்விட்டு வா, ஆறுதலாகக் கதைப்போம், நானும் லூர்துவும் லண்டனுக்கு வருகிறோம். நியாயமான வார்த்தைகள். அம்மாவும் சேர்ச்சும் ஊரும் ஏற்றுக்கொள்ளும் வார்த்தைகள். வாயைத் திறந்தாள். தங்கை அவளைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்து வருவது அக்காவின் குரலாகத்தான் இருக்கும் என்று ஏற்கனவே தோற்றுப்போனவள்போல நின்றாள்.

"என்னைக் கேளாதையுங்கோ அல்பிரட்" என்றாள் மரியரஞ்சனி. தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. "அவ முன்னாலை நிக்கிறா. அவவைக் கேளுங்கோ."

பிள்ளைகள் கூரையில் ஓடி விளையாடினார்கள். அல்பிரட் கடிகாரத்தைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு, கேட்டுப் பழக்கமில்லாத ஒருவர் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"உமக்கு... வர விருப்பமில்லையோ?"

"இல்லை."

அவ்வளவுதான். அவர் கத்துவார் என்று மரியரஞ்சனி பயந்திருந்தாள். அவர் வரைபடத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கொஞ்சத்தூரம் நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

"என்ர பிரஷர் குளிசை எங்கை?"

"கட்டில் பக்கத்து லாச்சியிலை. பச்சைப் பெட்டி. காலையிலை ஒண்டு, சாப்பிட்ட பிறகு."

அவர் போனார். நடையில் அவசரம் இருந்தது. கப்பல் யாருக்காகவும் நிற்காது என்று தெரிந்தவரின் அவசரம். பிலோமினா அந்த வெள்ளைக் கல்லில் அப்படியே குந்தி இருந்து அழுதாள். சந்தோசத்தில் அழுகிறாளா துக்கத்திலா என்று மரியரஞ்சனி கேட்கவில்லை. கப்பல் புறப்படும் வரைக்கும் நிற்க அவளுக்குத் துணிவில்லை. தங்கையை எழுப்பி ஸ்டேசனுக்குக் கூட்டிப்போய், வந்த ரெயிலில் ஏற்றினாள். ஹவுகன்ஸ்டுவா வரும்வரை இரண்டு பேரும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாசலைப் பார்த்தார்கள், அவர் ஏறி வந்துவிடுவார் என்பதுபோல.

லூர்து வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். நடந்தது முழுவதையும் கேட்டுவிட்டு, சேர்ட்டுக்குப் பொத்தான் போட்டபடியே சொன்னார். "நாளைக்கு எல்லாரும் எங்களைத்தான் கேப்பினம்."

"தெரியும்."

"சரி. பிள்ளை தேத்தண்ணி குடிச்சதோ?" என்று பிலோமினாவைக் காட்டிக் கேட்டுவிட்டு வேலைக்குப் போனார். கோடை விடுமுறை வேலை முடிந்து வந்த ஆரபி தன் அறையைச் சித்திக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வரவேற்பறைச் சோபாவுக்கு வந்தாள்.

லூர்து சொன்னபடியே நடந்தது. கோபன்ஹேகனில் இருந்தும் பிறகு லண்டனில் இருந்தும் அல்பிரட் நாளுக்கு நாலு தரம் எடுத்தார். ஒருநாள் கோபம், ஒருநாள் அழுகை, ஒருநாள் வெறுமனே காலநிலை. ஊரில் அம்மா மரியரஞ்சனியோடு கதைப்பதை நிறுத்தினார். "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாள்" என்பது அம்மாவின் குற்றச்சாட்டு. அது உண்மை என்பதுதான் மரியரஞ்சனியை நித்திரை கொள்ள விடவில்லை. பூசைக்குப் பிறகு அவளைக் கண்டதும் திரும்பிக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஒரு பெண் மட்டும் கிட்ட வந்து, ஒன்றும் கேட்காமல், பிலோமினாவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

ஐப்பசியில் அல்பிரட் ஒருநாள் தனியாக வந்தார். சூட்கேஸ் நிறையப் பிலோமினாவின் குளிருடுப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பேரும் பக்கத்து லோறென்ஸ்கூக் ஏரிக்கரையில் பின்னேரம் முழுக்க நடந்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று மரியரஞ்சனிக்குத் தெரியாது. அவர் திரும்பிப் போய்விட்டார். பிலோமினா போகவில்லை. நகரத்தில் ஒரு ஹோட்டலின் காலைச் சாப்பாட்டுக் குசினியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மாலையில் பாஷை வகுப்பு.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, மதியம் வேலை முடிந்து வர வேண்டியவள் வரவில்லை. தொலைபேசியையும் நிறுத்தி வைத்திருந்தாள். வெளியே நேரத்தோடு இருட்டி, மழையும் பனியும் கலந்து கொட்டியது. மரியரஞ்சனி ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். ஹோட்டலுக்கு எடுத்தாள், வகுப்புத் தோழிக்கு எடுத்தாள். லூர்துவை எழுப்பி ஸ்டேசனுக்கு அனுப்பினாள். இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிலோமினா நனைந்துபோய், மூக்குச் சிவந்து, படியேறி வந்தாள்.

"எங்கையடி போனனீ?"

"ட்ராமிலை ஏறினன். பிறகு வேறை ஒண்டிலை ஏறினன். கடைசி நிறுத்தம் வரைக்கும் போய் அங்கை ஒரு கடையிலை கோப்பி குடிச்சன். பேர் தெரியாத இடம் அக்கா. பெரிய பைன் மரங்கள்."

"ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போகக்கூடாதோ? இந்தக் குளிருக்குள்ளை தனிய உனக்கென்ன அலைச்சல்? நாளையிலை இருந்து வேலை முடிஞ்சால் எனக்குப் போன் அடி, நான் வந்து கூட்டிக்கொண்டு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மரியரஞ்சனிக்குத் தன் குரல் கேட்டது. வசனத்தை முடிக்கவில்லை. பிலோமினா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். கோபிக்கவில்லை.

"நீங்கள் பயந்துபோனீங்கள் எண்டு தெரியும் அக்கா" என்றாள். "நான் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் நீங்கள் விடமாட்டீங்கள்."

மரியரஞ்சனி துவாய் எடுக்கப் போகிற சாட்டில் குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். கத்தி வெட்டுத் தழும்பு எதுவும் இல்லாமலே ஒரு மனிசிக்கு இந்தப் பயம் வந்துவிடுகிறது என்று நினைத்தாள். திரும்பி வந்து துவாயைக் கொடுத்தாள். தலையைத் துவட்டிவிடக் கை போனதை அடக்கிக்கொண்டாள்.

தை மாதம் பிலோமினா லோறென்ஸ்கூக்கில், ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒற்றை அறை எடுத்துப் போனாள். அறைக்கு நிலமட்டத்தில் ஒரு சின்ன ஜன்னல். அதை உறைபனி பாதி மூடியிருந்தது. சாமான் இறக்கி வைத்துவிட்டு வெளிக்கிடும்போது அடுத்த ஞாயிறு பூசைக்கு வருவாயா என்று மரியரஞ்சனி கேட்டாள்.

பிலோமினா உடனே பதில் சொல்லவில்லை. கட்டிலில் இருந்து, உண்மையாகவே யோசித்தாள். மரியரஞ்சனி வாசலில் குளிருக்குள் நின்று பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.